வேண்டாத அலையை விரட்டிய ஜெகதீஷ் சந்திர போஸ்

போன லீவுக்கு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். சர்வதேச விண்வெளி நிலையம் நம் ஊர்ப் பக்கம் வரும்போது, மாமா மொட்டைமாடி ஆன்டெனாவில் 145.8 மெகாஹெர்ட்ஸ் வைத்துக் கேட்பார். அன்றைக்கு ஒரே இரைச்சல். ஒரு எஃப்.எம். அலை பலமாக வந்து ரேடியோவைத் திணறடிக்குதுன்னு சொன்னார். கேபிளில் அரை மீட்டர் வெட்டி, ஆன்டெனா வயரில் கிளை மாதிரி சேர்த்து, மறுமுனையைச் சும்மா விட்டார். இரைச்சல் அடங்கிப்போச்சு!

எப்படி? 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 செ.மீ. அந்தக் கேபிளுக்குள் அலை மெதுவாகப் போவதால் 50 செ.மீ. போதும். கிளைக்குள் போன அலை முனையில் முட்டித் திரும்பும்போது நேர் எதிராக வந்து, அதே அலையை அழித்துவிடும்.

இந்தத் தொல்லையை அந்தக் காலத்திலேயே சமாளித்தவர் போஸ் என்று மாமா சொன்னார். செடிகொடி ஆராய்ச்சி செய்தவர்தானே என்று நினைத்தேன். பிறகு நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

போஸ் 1858 நவம்பர் 30-ல் வங்காளத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். இந்தியர் என்பதால் வெள்ளைக்காரரைவிடச் சம்பளம் குறைவு. வீட்டில் கடன் இருந்தும், மூன்று வருடம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் முழுச் சம்பளமும் பாக்கியோடு கிடைத்தது.

நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. ஒரு சின்ன அறையில், தானே கருவி செய்தார். 5 மில்லிமீட்டர் நீள அலையைக்கூட உண்டாக்கினார். அதில் கால் பங்கு ஒன்றேகால் மில்லிமீட்டர்தான்! வேண்டாத அலை கசிந்து ரிசீவரைக் குழப்பக் கூடாதென்று, தீப்பொறிக் கருவியை உலோகப் பெட்டிக்குள் அடைத்தார். 1895-ல் கல்கத்தாவில் சுவரைத் தாண்டி அலையை அனுப்பி மணியடிக்க வைத்தார். 1904-ல் கலீனா படிகத்தால் செய்த அலை உணர் கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1917-ல் போஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23-ல் மறைந்தார்.

வசதி இல்லைன்னு நாம் அடிக்கடி சொல்கிறோம். போஸுக்கும் வசதி இல்லை. மாமாவிடம் இருந்ததும் அரை மீட்டர் கேபிள்தான். வெட்டிப்போட்ட மீதித் துண்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுவருகிறேன், வந்து பாருங்கள்!