காயிதே மில்லத்: ஏட்டில் இருந்த உரிமைக்காக வாழ்ந்த தலைவர்

நமது கந்தர்வக்கோட்டை சட்டமன்றத் தொகுதி ஒரு தனித் தொகுதி. இங்கே எந்தக் கட்சி வென்றாலும் பட்டியலின மக்களில் ஒருவர்தான் சட்டமன்றம் செல்வார். காலங்காலமாக ஒடுக்கப்பட்டவர்களுக்கு அரசியல் சாசனம் செய்த நியாயம் அது. நாம் அதை மனதார வரவேற்கிறோம். முஸ்லிம்களுக்கும் இப்படி இட ஒதுக்கீடு செய்வதை அரசியல் நிர்ணய சபை 1947-ல் ஏற்றிருந்தது. 1949 மே மாதம் அது கைவிடப்பட்டபோது எதிர்த்து நின்றவர் நம் தமிழ் மண்ணின் மைந்தர். இது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் ஸாஹிப் அவர்கள் 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலி பேட்டையில் பிறந்தார்கள். கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கினார்கள். பின்னர் முஸ்லிம் லீகில் சேர்ந்து, 1946 தேர்தலுக்குப் பின் சென்னை சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரானார்கள்.

நாடு பிரிந்தபின் இங்கே தங்கிய முஸ்லிம்களின் நிலை இக்கட்டானது. லீகைக் கலைத்துவிடும்படி பல பக்கமிருந்தும் அழுத்தம் வந்தது. அவர்கள் அசையவில்லை. 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடி, இந்திய யூனியன் முஸ்லிம் லீகை நிறுவினார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 23 அன்று அரசியல் நிர்ணய சபையில் பொது சிவில் சட்டம் பற்றிய விதி விவாதத்திற்கு வந்தது. எந்தச் சமூகத்தையும் அதன் தனியார் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று அவர்கள் திருத்தம் கொண்டு வந்தார்கள். அது தோற்றது. அந்த விதிதான் இன்றைய 44-வது பிரிவு. நீதிமன்றம் மூலம் அமல்படுத்த முடியாத வழிகாட்டு நெறியாகவே அது இன்றும் இருக்கிறது.

சாசனம் 1950-ல் நடைமுறைக்கு வந்தது. 14-வது பிரிவு சமத்துவம் தந்தது. 25-வது பிரிவு மத சுதந்திரம் தந்தது. 30-வது பிரிவு கல்வி நிலையங்கள் நடத்தும் உரிமை தந்தது. ஆனால் டெல்லியிலும் பெரும்பாலான மாநிலங்களிலும் ஆண்டது ஒரே கட்சி. வேறு கட்சிகளுக்குச் சட்டப்படி தடை இல்லை. மாற்று வலிமைதான் இல்லை. சங்கம் அமைக்கும் உரிமை 19-வது பிரிவில் இருந்தது. நடப்பு எப்படி இருந்தது? 1960-ல் கேரளத்தில் லீகின் துணையோடு வென்ற காங்கிரஸ், அதற்கு அமைச்சரவையில் இடம் தரவில்லை. 1961-ல் சி.எச். முஹம்மது கோயா சபாநாயகராக வேண்டுமானால் லீக் உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அவரும் விலகித்தான் பதவியேற்றார். உரிமை ஏட்டில் இருந்தது. வாசலில் மட்டும் தடை நின்றது.

இந்த அவமதிப்புகளுக்காகக் காயிதே மில்லத் அவர்கள் நாட்டோடு கோபித்துக் கொள்ளவில்லை. 1962 சீனப் போரின்போது தம் ஒரே மகனை ராணுவத்திற்குத் தர முன்வந்தார்கள். அதே வேளையில், தேர்தல் களத்தை விட்டும் விலகவில்லை. ராஜ்யசபையில் பணியாற்றியபின் 1962, 1967, 1971 என மூன்று முறை மஞ்சேரி மக்கள் அவர்களை மக்களவைக்கு அனுப்பினார்கள். தமிழகத்தில் 1967-ல் பேரறிஞர் அண்ணாவின் தி.மு.க.வோடு கூட்டணி சேர்ந்தார்கள். இருபது ஆண்டு ஒரு கட்சி ஆட்சி இங்கே முடிந்தது. அதே ஆண்டு கேரளத்தில் லீகினர் அமைச்சர்களானார்கள். கோயா கல்வி அமைச்சரானார். கட்சியை விட்டு விலகும்படி இம்முறை யாரும் கேட்கவில்லை.

1972 ஏப்ரல் 5 அன்று அவர்கள் வஃபாத் ஆனார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமானார்கள்.

அவர்களின் வாழ்விலிருந்து நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது எளிது. சாசனம் தந்த உரிமை தானாக நம் வீட்டுக்கு நடந்து வராது. வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதும், தாலுகா அலுவலகத்தில் மறுக்கப்பட்ட சான்றிதழுக்கு எழுத்து மூலம் காரணம் கேட்பதும், பிள்ளைகளுக்குச் சட்டம் படிக்க வைப்பதும் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியே. அவையில் தோற்ற அன்றும் அவர்கள் மறுநாள் அவைக்குப் போனார்கள். நாமும் போக வேண்டும்.

அல்லாஹ் அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.