டாக்டர்களை ஊரில் தங்க வைத்தவர்

ஊர்ப் பையன் டாக்டருக்குப் படித்தால் ஊருக்கே பெருமை. ஆனால் படித்து முடித்தபின் அவன் ஊருக்குத் திரும்புவானா? பட்டணத்தோடு போய்விடுவானா? சோமனூரில் தறி ஓட்டும் தகப்பனுக்கும் இந்தக் கவலை உண்டு.

160 ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பற்றிக் கவலைப்பட்டார், ஒரு வெள்ளைக்காரர். அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரில் 1822-ம் ஆண்டு பிறந்தார். நியூயார்க்கில் வைத்தியம் படித்தார். 1847-ல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது வயது சுமார் 25தான்!

யாழ்ப்பாணத்துக்கு அவர் முதல் டாக்டர் அல்ல. 1820-லேயே ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தார். (வேலூர் ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் பாட்டனார் இவர்.) 1836-ல் அவர் சென்னைக்குப் போய்விட்டார். ஒரு டாக்டர் போனால் அடுத்தவர் கப்பலில் வரவேண்டும் என்பதுதான் அன்றைய நிலை.

கிரீன் மானிப்பாயில் ஆஸ்பத்திரி வைத்தார். ஊரில் நாட்டு வைத்தியர்கள் இருந்தார்கள். ஆனால் கட்டியை அறுக்கவும், சிக்கலான பிரசவம் பார்க்கவும் படித்த கைகள் வேண்டும். ஒரு மனிதர் எத்தனை ஊருக்கு ஓடுவார்? தமிழ்ப் பிள்ளைகளையே டாக்டர் ஆக்குவது என்று முடிவு செய்தார். 1848-ல் சில மாணவர்களோடு வகுப்பு தொடங்கியது. பாடம் ஆங்கிலத்தில் நடந்தது.

எங்கே போனார்கள்?

பிள்ளைகள் நன்றாகத்தான் படித்தார்கள். ஆனால் ஆங்கிலம் படித்தவர்களை அரசாங்க உத்தியோகம் அழைத்தது. சம்பளமும் அதிகம். கிராமத்தில் உட்கார்ந்து காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க ஆள் இல்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. குடும்பம் உள்ளவன் சம்பளத்தைத்தானே பார்ப்பான்?

கிரீன் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். டாக்டர்களை உண்டாக்கினால் மட்டும் போதாது. அவர்கள் எங்கே போய் உட்காருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தமிழில் வைத்தியம் படித்தவனுக்கு அரசாங்க உத்தியோகம் எளிதில் கிடைக்காது. அவன் ஊரிலேயே தங்குவான். நோயாளிக்குப் புரியும்படியும் பேசுவான்!

1858-ல் அமெரிக்கா போயிருந்தவர், 1862-ல் திரும்பி வந்தார். 1864-ல் தமிழ் வகுப்பைத் தொடங்கினார். பையன்களின் சம்பள ஆசையை அடைக்கும் வழிதான் இது என்று ஒருவர் சொல்லலாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கிராமத்து நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் வேறு வழி எது?

புத்தகம் எங்கே?

தமிழில் பாடம் சொல்லப் புத்தகம் வேண்டுமே! ஆங்கில வைத்திய நூல்களைத் தம் மாணவர்களின் துணையோடு தமிழாக்கினார். பிரசவ வைத்தியம் 1857-ல் வந்தது. இரண வைத்தியம் 1867-ல் வந்தது. உடற்கூறு சொல்லும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872-ல் வெளியாயிற்று. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவார். இல்லையென்றால் வடமொழியில் தேடுவார். அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடுவார். ரசாயன நூலுக்கு அவர் வைத்த பெயர் 'கெமிஸ்தம்'!

அவர் உருவாக்கிய வைத்தியர்கள் 60 பேருக்கு மேல். இதில் பாதிப்பேர் தமிழில் படித்தவர்கள்.

1873-ல் உடல்நலம் குன்றி அமெரிக்கா திரும்பினார். அங்கிருந்தும் வேலையை விடவில்லை. உடலியங்கியல் பற்றிய 'மனுஷ சுகரணம்' 1883-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1884 மே மாதம், பிறந்த ஊரிலேயே காலமானார்.

மானிப்பாயில் அவர் வைத்த ஆஸ்பத்திரிக்குப் பின்னாளில் அவர் பெயரே சூட்டப்பட்டது. ஊஸ்டரில் அவருடைய கல்லறைக் கல்லில், தமிழர்களிடையே வைத்தியப் பணி செய்தவர் என்று பொறித்திருக்கிறார்கள்.