ஒளியின் வழியை வகுத்த சந்திரசேகர்

மாரிக்கால விடியலில் மட்டக்களப்பு வாவியைப் பனிப்புகார் மூடும்போது, தோணியில் எரியும் விளக்கு கரையில் நிற்பார்க்குப் பரந்ததொரு வெண்மையாகவே தோற்றும். அது அருகிலுள்ள சிறுவிளக்கோ, தொலைவிலுள்ள பெருவிளக்கோ எனத் துணிதல் எளிதன்று. ஒளியானது புகாரிற் பன்முறை பட்டுச் சிதறி வருதலே இதற்குக் காரணம். இங்ஙனம் சிதறிவரும் ஒளியின் கணிதத்தைச் செம்மை செய்த பெருமக்களுள் முதன்மையானவர், தமிழராகிய சுப்பிரமணியன் சந்திரசேகர்.

இவர் 1910 ஒக்டோபர் 19 இல் லாகூரிற் பிறந்தார். தந்தையார் புகையிரதப் பகுதிக் கணக்கு அதிகாரி. அன்னையார் சீதாலட்சுமி இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கியவர். சேர் சி. வி. இராமன் இவருக்குச் சிறிய தந்தையார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1930 இல் கேம்பிறிட்ஜ் சென்றார்.

எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறளி விண்மீனின் நிறை, ஞாயிற்றின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்படின் அது நிலைபெறாது என்பது இவர் கண்ட முடிபு. 1935 ஜனவரி 11 இல் இலண்டன் வானியற் கழகத்தில் இதனை எடுத்துரைத்தபோது, பேரறிஞர் எடிங்ரன் அவையோர் நகைக்குமாறு மறுத்தார். அப்பொழுது இவருக்கு அகவை 24. இவர் முடிபையும் கைவிட்டாரல்லர், பகையும் பாராட்டினாரல்லர். 1937 இல் அமெரிக்கா சென்று சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, 1939 இல் தம் முடிபை நூலில் நிறுத்திவிட்டுப் புதுத்துறை புகுந்தார்.

பின்னர் ஒளிச்செலவை ஆராய்ந்து, 1950 இல் கதிர்வீச்சுச் செலுத்துகை பற்றிய பெருநூலை வெளியிட்டார். ஒவ்வோரிடத்தும் ஒவ்வொரு திசையிலும் செல்லும் ஒளிக்கு அது வரவுசெலவுக் கணக்கு எழுதுகின்றது. உறிஞ்சலாலும் புறஞ்சிதறலாலும் கழிவது செலவு. பிறதிசையினின்று சிதறி வருவதும் அவ்விடத்தே பிறப்பதும் வரவு. விண்மீனின் வளிமண்டலத்துக்கும் நம் வானத்துக்கும் அவர் கண்ட தீர்வுகள் பெரும்பயன் விளைத்தன.

மூலத்தை அறிந்து வெளிப்படும் ஒளியைக் கணித்தல் நேர்க்கணக்கு. வெளிப்பட்ட ஒளியைக்கொண்டு மூலத்தைத் தேடுதல் மறுதலைக் கணக்கு. இன்று ஆய்வுக்கூடச் சுண்டெலியின் உடலில் ஒளிவிடும் புற்றுக்கலங்கள் எங்குள்ளன என்பதைத் தோலின்மேல் அளந்த ஒளியைக்கொண்டு தேடும் அறிஞர், ஒளிச்செலவுச் சமன்பாட்டையே துணைக்கொள்கின்றனர். மூலம் ஒன்றைக் கருதிக்கொண்டு ஒளியைக் கணித்து, அளவையோடு ஒப்பிட்டு, மீண்டும் மீண்டும் திருத்துவர். ஆயினும் வெவ்வேறு மூலங்கள் ஒரே அளவைத் தரலாம். அளவையின் சிறுபிழை விடையிற் பெரும்பிழையாகலாம். ஆதலின் உடலமைப்பைப்பற்றி முன்னமே அறிந்தவற்றையும் சேர்த்தே முடிபு காண்பர். இம்மறுதலைக் கணக்குக்கு வேண்டிய நேர்க்கணக்கின் அடித்தளத்தை வலுப்படுத்திய நூல்களுள் சந்திரசேகரின் நூல் தலைசிறந்தது.

1983 இல் நொபெல் பரிசு இவரை அடைந்தது. 1995 ஓகஸ்ட் 21 இல் சிக்காகோவில் மறைந்தார். அவையில் நகைக்கப்பட்ட முடிபு இன்று வானியலின் பாடமாயுள்ளது. விண்மீனுக்கென வகுத்த கணிதம் நோயறியும் கருவியாயிற்று.

நம் கல்லூரி மாணாக்கர் இவ்விரண்டையும் எண்ணுதல் வேண்டும். ஆசிரியராகிய நாமும் ஒன்றை எண்ணுதல் நன்று. புறத்தே தோன்றும் புள்ளிகளைக் கொண்டு மட்டும் ஒரு மாணவனின் அகத்தொளியை அளந்துவிடல் இயலாது.