கட்சியில்லாமல் ஆட்சி நடத்திய குமாரமங்கலம் சுப்பராயன்

1926-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி டாக்டர் பி. சுப்பராயன் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 37. அவர் எந்தக் கட்சியையும் சேர்ந்தவர் அல்லர். அவருடன் மந்திரிகளான ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் சுயேச்சைகளாகவே அமைச்சரவையில் சேர்ந்தனர். மூன்று சுயேச்சைகள் சேர்ந்து, இன்றைய தமிழ்நாட்டையும் ஆந்திரா, கேரளா, கர்நாடகாவின் பகுதிகளையும் உள்ளடக்கிய ஒரு பெரிய மாகாணத்தின் ஆட்சியில் அமர்ந்தார்கள்.

ஆட்சி கவிழ்வதும் பெரும்பான்மை ஒரே வாரத்தில் கைமாறுவதும் ஜொகூர் மக்களுக்குப் புதிதல்ல. 2018-இல் மாநிலத்தைக் கைப்பற்றிய நம்பிக்கைக் கூட்டணி, இரண்டு மந்திரி பெசார்களைப் பார்த்துவிட்டு, 2020 பிப்ரவரியில் பெரும்பான்மையை இழந்தது. 56 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் ஒரு சிலர் இடம் மாறியதே அதற்குப் போதுமானதாக இருந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு, நம் முன்னோர் கப்பலேறி வந்த அதே மாகாணத்தில், சுப்பராயனின் ஆட்சியும் இப்படியொரு நெருக்கடியைச் சந்தித்தது.

ஜமீன் வீட்டுப் பிள்ளை

1889 செப்டம்பர் 11-ஆம் தேதி பிறந்த சுப்பராயன், திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்தவர். அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த அந்த ஊர் இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலால் பெயர் பெற்ற வட்டாரம் அது. ஜொகூர்த் தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் சேலம், நாமக்கல் பக்கத்தைத் தங்கள் பூர்வீகமாகச் சொல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பராயன், பின்னர் ஆக்ஸ்போர்டு சென்றார். டப்ளினில் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். மங்களூரில் பிறந்த ராதாபாயை மணந்தார். சாதியும் மொழியும் கடந்த அந்தத் திருமணம், அன்றைய ஜமீன் குடும்பங்களில் எளிதில் நடக்கக்கூடியது அல்ல. ராதாபாயும் பின்னாளில் பொதுவாழ்வில் தனியிடம் பெற்றார். 1930-இல் லண்டனில் நடந்த முதலாவது வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து சென்ற இரண்டு பெண் பிரதிநிதிகளில் அவர் ஒருவர்.

யாரும் ஏற்காத நாற்காலி

1926 நவம்பரில் நடந்த சென்னைச் சட்டசபைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய இடங்கள் 98. அவற்றில் காங்கிரஸ்காரர்களின் சுயராஜ்யக் கட்சி 41 இடங்களை வென்றது. ஆறு ஆண்டுகளாக ஆட்சியில் இருந்த நீதிக்கட்சிக்கு 21 இடங்களே கிடைத்தன. மற்ற இடங்கள் சுயேச்சைகளிடமும் சிறு அணிகளிடமும் இருந்தன.

கணக்குப்படி பார்த்தால் சுயராஜ்யக் கட்சிதான் ஆட்சி அமைத்திருக்க வேண்டும். ஆனால் அக்கட்சி பதவியேற்க மறுத்துவிட்டது. அப்போது நடைமுறையில் இருந்தது இரட்டை ஆட்சி முறை. கல்வி, பொது சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள் இந்திய மந்திரிகளிடம் தரப்பட்டிருந்தன. காவல், நிதி, நிலவரி ஆகியவற்றை ஆங்கிலேய ஆளுநர் தம் நிர்வாகக் குழுவின் கையில் வைத்துக்கொண்டார். செலவுக்குப் பணம் கேட்டு ஆளுநர் வாசலில் நிற்கும் மந்திரி பதவி தேவையில்லை என்பது காங்கிரஸின் நிலை. தோல்வியடைந்த நீதிக்கட்சியும் முன்வரவில்லை.

ஆளுநர் கோஷன் பிரபு சுப்பராயனை அழைத்தார். அவருக்குச் சொந்தமாக ஒரு கட்சிப் பட்டாளம் இல்லாததால் ஆளுநரே ஓர் ஏற்பாடு செய்தார். 132 பேர் கொண்ட சபையில் 34 பேரை நியமிக்கும் உரிமை அவரிடம் இருந்தது. அந்த நியமன உறுப்பினர்களே சுப்பராயன் ஆட்சிக்கு முதுகெலும்பானார்கள். இது மந்திரிகளைப் பொம்மையாக வைத்து ஆளுநர் நடத்தும் ஆட்சி என்று எதிரணியினர் குறை கூறினர். அதில் நியாயம் இருந்தது. தேர்தலில் மக்கள் பெரிய அளவில் ஆதரித்த கட்சி வெளியே நிற்க, ஆளுநரின் தயவில் மந்திரிசபை உள்ளே நின்றது.

அந்த மக்கள் என்பவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். சொத்தும் வரியும் அளவுகோலாக இருந்த காலம் அது. நிலமில்லாத கூலித் தொழிலாளிக்கு வாக்கு கிடையாது. ரப்பர் விலை உயர்ந்திருந்த அந்த ஆண்டுகளில் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலாயா வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தேர்தலில் வாக்களிக்க முடியாதவர்கள். அவர்களுடைய குடிபெயர்வைக் கவனித்ததும் சென்னை மந்திரிகள் அல்லர். அது மத்திய அரசின் கையில் இருந்தது.

சைமன் வந்தார், சபை பிளந்தது

இந்தியாவின் அடுத்த அரசியல் சீர்திருத்தத்தைப் பரிந்துரைக்க ஜான் சைமன் தலைமையில் ஓர் ஆணைக்குழுவை பிரிட்டிஷ் அரசு 1927 நவம்பரில் அறிவித்தது. அதில் ஓர் இந்தியர்கூட இல்லை. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. சென்னைச் சட்டசபையிலும் ஆணைக்குழுவைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரல் வலுத்தது.

மூன்று சுயேச்சை மந்திரிகளால் இந்தக் கேள்வியில் ஒரே முடிவுக்கு வர முடியவில்லை. அவர்களைச் சேர்த்துக் கட்டும் கொள்கையும் இல்லை, கட்டுப்படுத்தும் கட்சியும் இல்லை. புறக்கணிப்பின் பக்கம் நின்ற ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் 1928-இல் பதவியை விட்டு வெளியேறினர். சுப்பராயன் நாற்காலியில் தொடர்ந்தார்.

அவரைக் காப்பாற்ற ஆளுநர் மறுபடியும் கணக்குப் போட்டார். இம்முறை அவர் பார்த்தது நீதிக்கட்சியை. அக்கட்சியின் கிருஷ்ணன் நாயர் ஆளுநரின் நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினராக அமர்த்தப்பட்டார். அதுவரை எதிர்வரிசையில் இருந்த நீதிக்கட்சி, பனகல் அரசர் தலைமையில் சுப்பராயனை ஆதரிக்கத் தொடங்கியது. முத்தையா முதலியாரும் சேதுரத்தினம் ஐயரும் புதிய மந்திரிகளானார்கள். பெயரளவில் அதே முதல் மந்திரிதான். ஆனால் 1926-இல் அமைந்த சுயேச்சைக் கூட்டணி அத்தோடு முடிந்துபோனது.

உடைந்த கூட்டணி தந்த பலன்

இங்கேதான் வரலாறு எதிர்பாராத பக்கம் திரும்பியது. நீதிக்கட்சியின் துணையோடு நடந்த இந்த இரண்டாம் கட்டத்தில், 1928-இல், முத்தையா முதலியார் வகுப்புவாரி உரிமை ஆணையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அரசு வேலைக்கு ஆள் எடுக்கும்போது, 12 இடங்களில் 5 பிராமணரல்லாத இந்துக்களுக்கு, 2 பிராமணர்களுக்கு, 2 முஸ்லிம்களுக்கு, 2 ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும், 1 தாழ்த்தப்பட்டோருக்கு என்று பங்கு வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டின் இன்றைய இட ஒதுக்கீட்டுக்கு வேர் தேடிப் போகிறவர்கள் இந்த ஆணையைத் தாண்டிப் போக முடியாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையின் துணைத் தலைவராக இருந்ததும் இதே ஆட்சிக் காலத்தில்தான். அவரும் ஒரு நியமன உறுப்பினரே. கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்துக்கு எதிராக அவர் எடுத்த முயற்சியின் பயனாக, 1929-இல் இந்து அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. கோயில் மானிய நிலங்களை வைத்திருந்த தேவதாசியர், கோயில் சேவைக்குக் கட்டுப்படாமலேயே அந்த நிலத்தை அனுபவிக்க வழி பிறந்தது.

ஆளுநர் போட்ட முட்டில் நின்ற ஆட்சி என்பதும் உண்மை. அந்த ஆட்சியில்தான் இவை நடந்தன என்பதும் உண்மை.

1930-இல் மறுபடி தேர்தல் வந்தது. சட்டமறுப்பு இயக்கத்தில் இறங்கியிருந்த காங்கிரஸ் களத்தில் இல்லை. நீதிக்கட்சி வென்றது. அக்டோபர் 27-ஆம் தேதி முனுசாமி நாயுடு முதல் மந்திரியானார். தம்மைத் தாங்கியவர்களே ஆட்சிக்கு வர, சுப்பராயன் எதிர்வரிசைக்குப் போனார். சபையில் தமக்கென நிலையான கூட்டம் இல்லாதவருக்கு அதைத் தடுக்க வழியிருக்கவில்லை.

கட்சிக்குள் வந்தவர்

பதவி போன பிறகு சுப்பராயன் செய்த ஒரு காரியம் காந்தியடிகளின் கவனத்தையே ஈர்த்தது. 1932-இல் ஆலயப் பிரவேசத்துக்கு வழிசெய்யும் மசோதாவைச் சென்னைச் சட்டசபையில் முன்னெடுத்தார். குருவாயூர் கோயிலை எல்லாருக்கும் திறக்க வலியுறுத்தி காந்தியடிகள் உண்ணாநோன்பு இருக்கத் திட்டமிட்டிருந்தார். இந்த மசோதாவுக்கு வைஸ்ராய் என்ன பதில் தருகிறார் என்று பார்ப்பதற்காக அதை ஒத்திவைத்தார். வைஸ்ராய் அனுமதி மறுத்தார். ஒரு தனிமனிதரின் நல்ல மசோதா அங்கேயே நின்றது.

பின்னர் சுப்பராயன் காங்கிரஸில் சேர்ந்தார். 1937-இல் ராஜாஜி அமைத்த மந்திரிசபையில் கல்வி, சட்டத் துறைகளுக்குப் பொறுப்பேற்றார. அந்த ஆட்சியில், 1939-இல், ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. தனியாக நின்று முடியாதது, பின்னால் ஒரு கட்சி இருந்தபோது முடிந்தது.

கட்சிக்கு வந்ததற்கு விலையும் இருந்தது. 1938-இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டபோது கல்வி மந்திரி அவர்தான். அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிரிழந்தனர். சுமார் பதினேழு ஆண்டுகள் கழித்து, மத்திய அரசின் ஆட்சிமொழி ஆணைக்குழுவில் உறுப்பினராக இருந்த அதே சுப்பராயன், இந்தியை அவசரப்பட்டுப் புகுத்துவதை ஏற்காமல் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்தார். அந்தக் குழுவில் அப்படி எதிர்த்து எழுதியவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் வங்காளத்து மொழியறிஞர் சுனிதி குமார் சாட்டர்ஜி.

இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக 1938 முதல் 1946 வரை இருந்தார். அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்றார். 1949 முதல் 1951 வரை நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் இந்தியத் தூதராகப் பணியாற்றினார். 1959-இல் நேருவின் அமைச்சரவையில் போக்குவரத்து, தகவல் தொடர்புத் துறை அமைச்சரானார்.

அவருடைய பிள்ளைகள் ஆளுக்கொரு பாதையில் போனார்கள். மூத்தவர் ஜெனரல் பி. பி. குமாரமங்கலம் இந்தியத் தரைப்படைத் தளபதியானார். மோகன் குமாரமங்கலம் நெடுங்காலம் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்து, பின்னர் இந்திரா காந்தி அமைச்சரவையில் இடம்பெற்றார். மகள் பார்வதி கிருஷ்ணன் தொழிற்சங்கத் தலைவர். 1957 தேர்தலில் திருச்செங்கோட்டில் அப்பா காங்கிரஸ் சார்பிலும், கோயம்புத்தூரில் மகள் கம்யூனிஸ்ட் சார்பிலும் வென்று ஒரே மக்களவையில் எதிரெதிர் வரிசையில் அமர்ந்தனர்.

1962 ஏப்ரலில் மகாராஷ்டிர ஆளுநராக நியமிக்கப்பட்ட சுப்பராயன், அதே ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி, பதவியில் இருக்கும்போதே காலமானார். ஓர் ஆளுநரின் ஆதரவால் முதல் மந்திரியானவர், தாமே ஓர் ஆளுநராக இருந்து மறைந்தார்.

நமக்கு என்ன?

மலேசியாவில் 2022 அக்டோபர் முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் நடப்பில் உள்ளது. கட்சி சார்பில் வென்று, பின்னர் கட்சியை விட்டு விலகும் நாடாளுமன்ற உறுப்பினர் இடத்தை இழப்பார். சுயேச்சையாக வென்றவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தாலும் அதே கதிதான். ஆனால் கட்சியில் சேராமலே, இன்று ஓர் அணிக்கும் நாளை இன்னோர் அணிக்கும் ஒரு சுயேச்சை ஆதரவு தருவதை இந்தச் சட்டம் தடுக்காது.

தேர்தல் வரும்போது தோட்டத்துக் கோயில் முன்பும் பட்டணத்துச் சாப்பாட்டுக் கடையிலும் சுயேச்சை வேட்பாளர்கள் வாக்குக் கேட்டு வருவார்கள். சிலர் உண்மையிலேயே நல்லவர்களாக இருப்பார்கள். சுப்பராயனும் படித்தவர், நேர்மையான நோக்கங்கள் கொண்டவர். சபைக்குள் போன பிறகு அவருடன் கை தூக்க யார் இருந்தார்கள் என்பதுதான் அவருடைய ஆட்சியின் போக்கைத் தீர்மானித்தது. வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் அந்த ஒரு கேள்வியை நாமும் கேட்டு வைக்கலாம்: உள்ளே போனால் உங்களோடு நிற்பவர்கள் யார், அவர்களுக்கு நீங்கள் எதைத் தரவேண்டியிருக்கும்?