பூட்டிக் கிடந்த குளியலறை, உள்ளே 300 பொருட்கள்: பழைய உடைகளை ஃப்ரிடா காலோ தேடித் தேடி அணிந்தது ஏன்?

மெக்சிகோ சிட்டியின் கொயோவகான் பகுதியில் பளிச்சென்ற நீலச் சுவர்களோடு ஒரு வீடு இருக்கு. பெயரே 'நீல வீடு'தான். 1958-ல் அது அருங்காட்சியகமானது. பார்க்க வந்தவர்கள் அறை அறையாகச் சுற்றி வந்தார்கள். ஒரே ஒரு குளியலறை மட்டும் பூட்டியே கிடந்தது.

2004-ல்தான் அந்தப் பூட்டு திறந்தது. உள்ளே என்ன இருந்தது தெரியுமா? எம்பிராய்டரி போட்ட சட்டைகள், நீளப் பாவாடைகள், சால்வைகள், நகைகள், மருந்து பாட்டில்கள், முதுகைத் தாங்கும் கவசங்கள், ஒரு செயற்கைக் கால். துணிமணியும் சொந்தப் பொருட்களுமாகச் சுமார் 300. எல்லாம் ஒரே பெண்ணுடையவை.

யார் இந்த ஃப்ரிடா காலோ?

- பிறப்பு: 1907 ஜூலை 6, கொயோவகான். இறப்பு: 1954 ஜூலை 13, அதே நீல வீட்டில்.
- அப்பா ஜெர்மனியில் இருந்து வந்த புகைப்படக் கலைஞர். அம்மா வழியில் தெற்கு மெக்சிகோவின் ஒஹாக்கா மாநிலத் தொடர்பு.
- தன்னையே திரும்பத் திரும்ப வரைந்த ஓவியர். இன்று உலகில் அதிகம் அடையாளம் தெரிகிற முகங்களில் ஒன்று.

கூடிய புருவம், தலையில் பூ, கழுத்து நிறைய மணிமாலை. போஸ்டரிலும் கைப்பையிலும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தோற்றம் சும்மா வந்ததில்லை. வருஷக்கணக்கில் தேடிச் சேர்த்தது.

மறைப்பதில்தான் தொடங்கியது

6 வயதில் போலியோ வந்தது. வலது கால் மெலிந்தும் குட்டையாகவும் போனது. பள்ளியில் கிண்டல். அந்தக் காலில் சாக்ஸ் மேல் சாக்ஸ் மாட்டி, வலது ஷூவின் அடியை உயர்த்தி, வித்தியாசம் தெரியாமல் பார்த்துக்கொண்டார் சிறுமி ஃப்ரிடா.

1925 செப்டம்பர் 17. அவர் வந்த பஸ் மீது டிராம் மோதியது. ஒரு இரும்புக் கம்பி இடுப்பைத் துளைத்தது. முதுகெலும்பு, காறை எலும்பு, விலா எலும்பு, வலது கால் என எல்லாமே உடைந்தது. அப்போது வயது 18. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க அறுவை சிகிச்சை, வலி, கவசம்.

அடுத்த வருஷம் அப்பா எடுத்த குடும்பப் படத்தில் ஃப்ரிடா கோட், டை கட்டி ஆண் உடையில் நிற்கிறார். ஆக, உடையை வைத்து விளையாடும் குணம் ஏற்கெனவே இருந்தது.

கடன் வாங்கிய கல்யாண உடை

1929 ஆகஸ்ட் 21-ல் ஓவியர் டியேகோ ரிவேராவைக் கல்யாணம் பண்ணினார். மாப்பிள்ளைக்கு 42, பெண்ணுக்கு 22. வெள்ளை கவுன் எதுவும் இல்லை. வீட்டு வேலைக்காரப் பெண்ணிடம் பாவாடை, சட்டை, சால்வை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டதாக ஃப்ரிடாவே பின்னாளில் சொன்னார்.

அது மெக்சிகோ புரட்சி ஓய்ந்திருந்த நேரம். ஐரோப்பிய மோகத்தை விட்டுவிட்டு, நாட்டின் பூர்வகுடி மக்களின் கலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்ற பேச்சு படித்தவர்களிடம் பலமாக இருந்தது. டியேகோவும் அந்தக் கட்சிதான். ஃப்ரிடாவின் அலமாரி நிறம் மாறியதும் இந்தக் காலத்தில்தான்.

'தெவானா' உடையில் என்ன விசேஷம்?

ஒஹாக்காவின் தெவாந்தெபெக் பகுதிப் பெண்கள் சந்தை வியாபாரத்தைத் தங்கள் கையில் வைத்திருந்தவர்கள் என்று பெயர் பெற்றவர்கள். அவர்களின் உடைதான் தெவானா. ஃப்ரிடாவின் அம்மா வழிக் குடும்பமே அந்த உடையில் நிற்கும் பழைய போட்டோ ஒன்று இருக்கிறது.

உடையில் மூன்று விஷயம் முக்கியம்:

- வீபில்: சதுரமாக வெட்டித் தைத்த தொளதொள சட்டை. இடுப்பு வளைவே கிடையாது. உள்ளே கவசம் போட்டிருந்தாலும் வெளியே தெரியாது. குட்டையாக இருப்பதால் உட்கார்ந்தாலும் சுருண்டு நிற்காது.
- பாவாடை: கணுக்காலைத் தாண்டி விழும். அடியில் கஞ்சி போட்ட வெள்ளைச் சுருக்கு. மெலிந்த கால் மறைந்துவிடும்.
- தலைப்பின்னலும் நகையும்: ரிப்பன், பூ, கம்மல், மாலை. பார்ப்பவர் கண் நேராக முகத்துக்குப் போய்விடும்.

சரி, அப்போ இதுவும் மறைக்கிற வேலைதானேன்னு கேட்கலாம். பாதிதான் அப்படி. மறைக்க மட்டும் நினைப்பவர் யார் கண்ணிலும் படாத உடையைத் தேடுவார். ஃப்ரிடா தெருவே திரும்பிப் பார்க்கிற உடையைத் தேர்ந்தெடுத்தார். சின்ன வயதில் எல்லோரும் காலைப் பார்த்தார்கள். இப்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை அவரே முடிவு பண்ணினார். இந்தக் கதையில் பெரிய திருப்பம் இதுதான்.

சேர்த்ததும் கலந்ததும்

ஒரே ஊர் உடையோடு அவர் நிற்கவில்லை. மெக்சிகோவின் பல பகுதி வீபில்கள், குவாத்தமாலா நெசவுத் துணி, சீன எம்பிராய்டரி வைத்துத் தைத்த பாவாடை என எல்லாம் அலமாரிக்கு வந்தது. ஒரு ஊர்ச் சட்டைக்கு இன்னொரு ஊர்ப் பாவாடை, அதன் மேல் வேறொரு ஊர்ச் சால்வை. இன்று பழைய துணிப் பிரியர்கள் பண்ணுகிற கலவையை அவர் அப்போதே பண்ணினார்.

நகையிலும் அதே கதைதான். ஸ்பானியர்கள் அமெரிக்க மண்ணில் கால் வைப்பதற்கு முந்தைய காலத்துப் பச்சைக் கல் மணிகளைத் தானே கோர்த்து மாலையாக்கினார். பல நூற்றாண்டு பழைய கல் மாலை ஒரு நாள், சந்தையில் வாங்கிய மலிவான கண்ணாடி மணி இன்னொரு நாள். இரண்டுக்கும் ஒரே மரியாதை. 1939-ல் பாரிஸ் போனபோது பிக்காசோ கொடுத்த கை வடிவக் கம்மலும் இந்தச் சேகரிப்பில் சேர்ந்தது.

காலையில் உடுத்துவது அவருக்கு அவசர வேலை இல்லை. எந்தப் பாவாடைக்கு எந்த ரிப்பன், எந்த விரலுக்கு எந்த மோதிரம் என்று யோசித்துத்தான் போடுவார். விருந்தாளி வராத நாளிலும், கட்டிலை விட்டு எழ முடியாத நாளிலும் இந்த அலங்காரம் தொடர்ந்தது.

1930-ல் டியேகோவோடு சான் பிரான்சிஸ்கோ போனபோது தெருவில் நடந்தவர்கள் நின்று பார்த்தார்கள். புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் அந்தக் கனமான கல் மாலையோடு அவரைப் படம் பிடித்தார். 1937-ல் அமெரிக்க 'வோக்' பத்திரிகைக்கும் இதே பாணி உடையில் போஸ் கொடுத்தார்.

உடையைக் கழற்றிய வருஷம்

1939-ல் விவாகரத்து. அதே வருஷம் வரைந்த 'இரண்டு ஃப்ரிடாக்கள்' படத்தில் ஒருத்தி தெவானா உடையில், இன்னொருத்தி வெள்ளை ஐரோப்பிய கவுனில். இருவரின் இதயமும் வெளியே தெரிகிறது, ஒரே ரத்தக் குழாய் இணைக்கிறது.

1940-ல் வரைந்த படத்தில் தலைமுடியை வெட்டிவிட்டு, தொளதொள ஆண் கோட்டில் உட்கார்ந்திருக்கிறார். டியேகோவுக்கு மிகவும் பிடித்தது தெவானா உடையும் நீளக் கூந்தலும்தான். கோபத்தைச் சொல்ல அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த வருஷ டிசம்பரில் இருவரும் மறுபடி கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். உடையும் திரும்பி வந்தது.

கவசத்தையும் விடவில்லை

மருத்துவர் மாட்டிவிட்ட பிளாஸ்டர் கவசத்தின் மேலும் தூரிகையை எடுத்தார். அரிவாள் சுத்தியல் வரைந்தார், பிறக்காத குழந்தையை வரைந்தார். 1953 ஏப்ரலில் மெக்சிகோவில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி. எழுந்து நடக்க முடியாது. ஆம்புலன்ஸில் வந்து, அரங்கில் போட்ட தன் கட்டிலில் படுத்தபடியே, முழு அலங்காரத்தோடு விருந்தினரைச் சந்தித்தார்.

ஆகஸ்டில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பொருத்திய செயற்கைக் காலுக்குச் சிவப்புத் தோல் பூட்ஸ் வந்தது. அதில் சீன எம்பிராய்டரி, கூடவே குட்டி மணிகள். வாழ்நாளெல்லாம் மறைத்த கால் கடைசியில் சத்தம் போட்டுக்கொண்டே நடந்தது.

பூட்டு ஏன்?

1957-ல் டியேகோ இறந்தார். தன் மறைவுக்குப் பின் 15 வருஷம் அந்தக் குளியலறையைத் திறக்கக்கூடாது என்று தோழி தொலோரெஸ் ஒல்மேதோவிடம் சொல்லிவைத்திருந்தார். அவரோ 2002-ல் தான் இறக்கும் வரை திறக்கவிடவே இல்லை. பிறகு 2012-ல் இந்த உடைகள் நீல வீட்டிலேயே காட்சிக்கு வந்தன. 2018-ல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போனபோதுதான் முதல்முறையாக மெக்சிகோவைத் தாண்டின.

விமர்சனமே இல்லையா?

இருக்கு. நகரத்து ஓவியர் ஒருவர் பூர்வகுடிப் பெண்களின் உடையைப் போட்டால் பத்திரிகையில் படம் வருகிறது. அதே உடையில் சந்தையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. வீபிலை நெய்து, பூத்தையல் போட்டவர்களில் பெரும்பாலோர் பெயரும் வெளியே தெரியாது. ஃப்ரிடாவின் முகத்தை அச்சடித்து விற்கிற இந்தக் காலத்தில் இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் கூடியிருக்கிறது.

ஒன்று மட்டும் அவர் பக்கம் சொல்ல வேண்டும். அவர் இவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சேர்க்கவில்லை. சில துணிகளில் பெயின்ட் கறை இருக்கிறது, சிகரெட் சுட்ட ஓட்டை இருக்கிறது. அவற்றைப் போட்டுக்கொண்டுதான் வரைந்தார், புகைத்தார், சண்டை போட்டார், சிரித்தார். அருங்காட்சியகமும் அந்தக் கறைகளைத் துவைத்து நீக்கவில்லை.