தொகுதி எவர் சொத்து?

தோழர்களே! வாக்குச் சாவடியிலே வரிசையில் நிற்கும் உழைப்பாளிக்குத் தன் வாக்கின் வலிமை எவ்வளவு என்பது எப்போதும் தெரிவதில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒருவரின் வரலாறு உதவும். ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தையே ஆண்டவர். மற்றொரு காலத்தில் தன் கட்சியின் சார்பில் சட்டமன்றத்திலே தன்னந்தனியாக அமர்ந்தவர். அவர்தான் உத்தமபாளையம் தந்த தமிழவேள் பி. டி. இராசன்.

1892இல், கம்பம் பள்ளத்தாக்கிலே, செல்வக் குடும்பத்திலே பிறந்தார். சீமைக்குச் சென்று, கேம்பிரிட்ஜிலே பள்ளிப்படிப்பு, ஆக்ஸ்போர்டிலே பட்டப்படிப்பு, பிறகு பாரிஸ்டர் பட்டம். பணமும் படிப்பும் சேர்ந்துவிட்டால் பவனி வந்தே பொழுதைக் கழித்துவிடலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. நடேசனாரும், தியாகராயரும், டாக்டர் நாயரும் 1916இல் தோற்றுவித்த இயக்கத்திலே, நீதிக்கட்சியிலே, தம்மை இணைத்துக்கொண்டார்.

1920இல் சட்டசபைக்குள் நுழைந்தவர் 1937 வரை அங்கே இருந்தார். எத்தகைய காலம் அது! பெண்களுக்கு வாக்குரிமை தந்த காலம். 1921இல் வகுப்புவாரி உரிமைக்கு முதல் ஆணை பிறந்த காலம். கோயில் சொத்துக்குக் கணக்குக் கேட்கச் சட்டம் வந்த காலம். 1930இல் இராசன் வளர்ச்சித் துறை அமைச்சரானார். 1936 ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை, பொப்பிலி அரசருக்குப் பதிலாக மாகாணத்தின் முதலமைச்சராகவும் இருந்தார்.

பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தச் சட்டசபைக்கு வாக்களித்தவர் யார்? ஏர் பிடித்தவனா? ஏலக்காய் மலைக்குக் கூலிக்குப் போனவளா? இல்லை, தோழர்களே, இல்லை! சொத்துடையோர், வரி கட்டியோர், இவர்களுக்கே வாக்கு. ஏழைக்கு நன்மை செய்ய முனைந்த கட்சிக்கும் ஏழையின் வாசற்படியை மிதிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அந்தக் குறையே பிறகு அதன் அடிமரத்தை அரித்தது.

1937இல் வாக்காளர் தொகை பெருகிற்று. தேர்தல் முடிவு வந்தது. 215 இடங்களிலே காங்கிரசுக்கு 159, நீதிக்கட்சிக்கு 18! பொப்பிலி அரசர் தோற்றார், இராசனும் தோற்றார். மாளிகையிலே கூடிப் பேசிய கட்சிக்கு மக்கள் மன்றம் தந்த பாடம் அது.

அந்தப் பாடத்தை எப்படிப் படிப்பது என்பதிலேதான் பிளவு வந்தது. பட்டங்களைத் துறப்போம், பதவிகளை உதறுவோம், மக்களிடம் செல்வோம் என்று பெரியாரும் அண்ணாவும் முடிவு செய்தனர். 1944 ஆகஸ்டில் சேலத்திலே நீதிக்கட்சி திராவிடர் கழகமாயிற்று. இராசன் அந்த வழியில் வரவில்லை. பழைய பெயரை விடவில்லை. தராசுக் கொடியை விடவில்லை. 1945இல், பிரிந்து நின்றவர்களுக்குத் தலைவரானார். பக்தியிலும் அவர் மாறவில்லை. சபரிமலைக் கோயில் தீக்கிரையான பிறகு அங்கு வைக்கப்பட்ட ஐயப்பன் சிலையை வழங்கியவர்களில் ஒருவர் அவர். மதுரை மீனாட்சி கோயில் திருப்பணியை முன்னின்று நடத்தி, 1963இல் குடமுழுக்குக் காணச் செய்தவரும் அவரே. நமக்கு அதிலே உடன்பாடு இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லித்தானே ஆகவேண்டும்? காங்கிரசு கொடி கட்டிப் பறந்த காலத்திலே, காற்று அடிக்கும் பக்கம் சாயாமல் அவர் நின்றார்.

1952 வந்தது. வயது வந்த அனைவருக்கும் வாக்கு! கூலிக்காரனும் முதலாளியும் ஒரே வரிசையிலே! அந்தத் தேர்தலிலே கம்பம் தொகுதியில் இராசன் வென்றார். நீதிக்கட்சியின் சார்பில் நாடெங்கும் வென்றவர் அவர் ஒருவரே. புதிய சட்டமன்றம் கூடியபோது தற்காலிகப் பேரவைத் தலைவராய் அமர்ந்து உறுப்பினர்களின் பதவியேற்பை நடத்தினார். கட்சி கரைந்த பின்னும், இவர் நம் ஊர் மனிதர் என்று பள்ளத்தாக்கு அவரை அனுப்பிவைத்தது.

அதே பள்ளத்தாக்கு ஐந்தாண்டு கழித்து என்ன செய்தது? 1957இல் உத்தமபாளையம் தொகுதியிலே சுயேச்சையாக நின்றார். பிறந்த ஊரே தோற்கடித்தது. பக்கத்துத் தேனித் தொகுதியோ, 1962இல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் சார்பில் நின்ற நடிகர் எஸ். எஸ். இராசேந்திரனைத் தேர்ந்தெடுத்தது. இராசன் சேராத வழியிலே நடந்தவர்கள், அவருடைய பக்கத்து ஊர்களிலேயே வென்றார்கள். காரணம் என்ன? அவர்கள் தெருத்தெருவாக நடந்தார்கள்.

1974இல் இராசன் மறைந்தார். அவருடைய மகன் பழனிவேல்ராசன் 1996இல் பேரவைத் தலைவரானார். பேரன் 2021இல் நிதியமைச்சரானார். இருவரும் அந்தப் பதவிகளுக்கு வந்தது மதுரைத் தொகுதிகளில் வென்று. பாட்டனார் ஊரில் அல்ல. உத்தமபாளையம் என்ற தொகுதியே இன்று இல்லை.

ஆனால் தண்ணீர் இருக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை அந்த வட்டாரத்து வயல்களுக்குக் கொண்டுசெல்லும் கால்வாய்களிலே ஒன்றின் பெயர் பி. டி. இராசன் கால்வாய், இன்னொன்றின் பெயர் தந்தை பெரியார் கால்வாய். 1944இல் வழி பிரிந்த இருவரையும் உழவன் ஒருசேர நினைக்கிறான். உழைத்தவரை அவன் மறப்பதில்லை. ஆனால் நன்றி வேறு, வாக்கு வேறு. நன்றியைக் கால்வாய்க்குப் பெயராய்ச் சூட்டுவான்; வாக்கைத் தன் வாசலுக்கு வந்தவனுக்கே தருவான்.

தொகுதி எவர் சொத்து? குடும்பத்தின் சொத்தன்று, பழம்பெருமையின் சொத்தன்று, நம் கட்சியின் சொத்தும் அன்று. ஆகவே, தோழர்களே, தேர்தல் முடிந்த மறுநாளும் அந்தத் தெருவிலே நடந்துகொண்டே இருங்கள்!