அரவான்

அரவான் மகாபாரதக் கதைமாந்தர்களுள் ஒருவர். பாண்டவரில் மூன்றாமவரான அருச்சுனனுக்கும் நாகர்குலப் பெண்ணான உலூபிக்கும் பிறந்தவர். வடமொழிப் பாரதத்தில் இவர் இராவான் எனப்படுகிறார். தமிழகத்தில் கூத்தாண்டவர் என்னும் பெயரில் தெய்வமாக வழிபடப்படும் இவரைத் திருநங்கையர் தம் கணவராகக் கொள்கின்றனர். இவருக்குரிய கோயில்களுள் மிகவும் புகழ்பெற்றது கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ள கூவாகம் கோயிலாகும். இவர் வரலாற்றில் வாழ்ந்தவர் என்பதற்குச் சான்று இல்லை. காப்பியங்களும் நாட்டார் மரபும் கூறும் வாழ்க்கையே கீழே தரப்படுகிறது.

பிறப்பும் இளமையும்

உலூபியின் முதற்கணவன் கருடனால் கொல்லப்பட்டதால் அவள் கைம்பெண்ணாக இருந்தாள். அருச்சுனன் தீர்த்த யாத்திரை சென்றபோது அவனை விரும்பி அடைந்து அரவானைப் பெற்றாள். அருச்சுனன் மீது பகைமை கொண்டிருந்த சிற்றப்பனால் கைவிடப்பட்ட அரவான், தாயின் குலத்தாரிடையே நாகலோகத்தில் வளர்ந்தார். பின்னர் இந்திரலோகம் சென்று அங்கிருந்த தந்தையிடம் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். போர் வரும்போது தமக்குத் துணை நிற்குமாறு அருச்சுனன் கேட்டுக்கொள்ள, அரவான் அதற்கு இசைந்தார்.

வியாச பாரதத்தில்

வியாச பாரதத்தின் பீஷ்ம பருவத்தில் அரவான் போர்க்களத்திலேயே இறக்கிறார். எட்டாம் நாள் போரில் சகுனியின் தம்பியர் ஐவரைக் கொன்றார். இதனால் சினமுற்ற துரியோதனன், அலம்புசன் என்னும் அரக்கனை ஏவினான். அரவானுக்குத் துணையாக நாகங்கள் திரண்டன. அலம்புசன் கருட வடிவெடுத்து அவற்றை விழுங்கி, மயங்கி நின்ற அரவானின் தலையை வாளால் வெட்டினான். களப்பலி, திருமணம் ஆகியவை இந்நூலில் இல்லை.

களப்பலி

அரவானின் களப்பலியைப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவும் (9ஆம் நூற்றாண்டு) வில்லிபாரதமும் (14ஆம் நூற்றாண்டு) பாடுகின்றன. தமிழ் மரபின்படி, பலிக்கு உகந்த நாளைத் துரியோதனன் சகாதேவனிடமே கேட்டறிந்தான். சகாதேவன் அமாவாசையையும், பலியாகத் தக்கவர் அரவானே என்பதையும் மறைக்காமல் கூறினான். அரவானும் கௌரவர்க்காகப் பலியாக ஒப்புக்கொண்டார். இதை அறிந்த கண்ணன் அமாவாசையை ஒருநாள் முன்னதாகவே வரச்செய்து, பாண்டவர் பக்கம் அப்பலி நிகழுமாறு செய்தான்.

மக்கள் வழக்கில் உள்ள கதை, முப்பத்திரண்டு இலட்சணங்களும் உடையவர் கண்ணன், அருச்சுனன், அரவான் ஆகிய மூவரே என்கிறது. கண்ணனும் அருச்சுனனும் போருக்கு இன்றியமையாதவர் என்பதால் அரவானே பலியாகிறார். வெட்டுண்ட பின்னும் போரைக் காணும் வரத்தை அவர் பெற்றதாகக் கூறப்படுகிறது.

திருமணம்

மணமாகாமல் இறக்க விரும்பாத அரவான், பலிக்கு முன் தமக்குத் திருமணம் நடைபெற வேண்டும் என்று கேட்டதாக நாட்டார் மரபு கூறுகிறது. மறுநாளே கைம்பெண்ணாவதற்கு எந்தப் பெண்ணும் உடன்படவில்லை. எனவே கண்ணனே மோகினி வடிவெடுத்து அவரை மணந்தான். ஓரிரவு வாழ்ந்து, பலி முடிந்தபின் தாலியறுத்து அழுதான். ஆண் வடிவில் இருந்து பெண்ணாகி மணந்த மோகினியின் வழிவந்தோராகத் திருநங்கையர் தம்மைக் கருதுகின்றனர்.

கூவாகம் திருவிழா

கூவாகம், கல்வராயன் மலைக்குக் கிழக்கே சமவெளியில் அமைந்த சிற்றூர். 2019ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவாகும் வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. சித்திரை மாதத்தில் சாகை வார்த்தலுடன் தொடங்கும் விழா பதினெட்டு நாட்கள் நடைபெறும். தேரோட்டத்திற்கு முன்னாள் இரவு திருநங்கையர் பூசாரியின் கையால் தாலி கட்டிக்கொள்வர். நேர்த்திக்கடன் உள்ள உள்ளூர் ஆண்களும் தாலி கட்டிக்கொள்வதுண்டு. மறுநாள் தேர் பந்தலடியை அடைந்ததும் திருநங்கையர் ஒப்பாரி வைத்து, வளையல்களை உடைத்து, தாலியறுத்து, நீராடி வெள்ளைப் புடவை உடுத்துவர்.

பிற இடங்களில்

திரௌபதி அம்மன் கோயில்களில் அரவானின் தலை வழிபடப்படுகிறது. சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலிலும் அரவானுக்குச் சன்னதி உண்டு. சாவகத்தின் நிழற்கூத்தில் இவர் இராவன் என்னும் பெயரில் இடம்பெறுகிறார். அக்கதையில் இவர் கண்ணனின் மகளான திதிசாரியை மணக்கிறார்.

திருநங்கையர் வாழ்வில்

ஆங்கிலேயர் 1871இல் இயற்றிய குற்றப் பரம்பரையினர் சட்டம், வட இந்தியாவில் திருநங்கையரைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணித்தது. விடுதலைக்குப் பின்னரும் குடும்பத்தாரால் விரட்டப்படுதல், தாக்கப்படுதல் ஆகிய கொடுமைகள் தொடர்ந்தன. சென்னையில் காவல்துறையினரின் சித்திரவதைக்குப் பின் 2006இல் தீக்குளித்து இறந்த ஒருவரின் குடும்பத்திற்கு இழப்பீடு வழங்கச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் ஆணையிட்டது.

இழிசொற்களால் அழைக்கப்பட்டு வந்தோர்க்கு அரவானின் பெயரால் அமைந்த அரவாணி என்னும் சொல் 1990களில் மதிப்பான மாற்றாகப் பரவியது. பின்னர் திருநங்கை என்னும் சொல் நிலைபெற்றது. தமிழக அரசு 2008 ஏப்ரல் 15 அன்று இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. மூன்றாம் பாலினத்தை ஏற்று உச்சநீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று வழங்கிய தீர்ப்பில் அரவான் கதையும் கூவாகம் விழாவும் குறிப்பிடப்பட்டுள்ளன.

சந்தோஷ் சிவன் இயக்கிய நவரசா (2005) திரைப்படம், தம்மைப் பெண்ணாக உணரும் சிற்றப்பனைத் தேடிக் கூவாகம் செல்லும் சிறுமியின் கதையைக் கூறுகிறது.

கூவாகத்தில் கட்டப்படும் தாலி ஒருநாளில் அறுக்கப்படுவது. திருநங்கையரின் திருமணத்திற்குச் சட்டத்தின் ஏற்பு நெடுங்காலம் கிடைக்கவில்லை. ஆணொருவரும் திருநங்கை ஒருவரும் இந்து முறைப்படி செய்துகொண்ட திருமணம் செல்லும் என்றும், அதனைப் பதிவு செய்ய மறுக்கக் கூடாது என்றும் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.